அப்பாவின் நாரி நோவும் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டும்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். அப்பாவுக்கு 54 வயது. வீடு வெள்ளவத்தையில், வேலை செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்குப் பார்ப்பது. ஏழு கிழமைக்கு முன் காலையில் தண்ணீர் வாளியைத் தூக்கும்போது நாரியில், அதாவது முதுகின் அடிப்பக்கத்தில், ஏதோ பிடித்தது. மூன்றாம் நாள் நோ நாரியை விட்டு இடப்பக்கப் பிட்டம், தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால் என்று இறங்கி, பெருவிரல் விறைக்கத் தொடங்கியது. எம்.ஆர்.ஐ எடுத்தீர்கள். எல்4-எல்5 இடையே, அதாவது நாரியின் நாலாம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவில், மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ரிப்போர்ட் வந்தது. சனல் பண்ணி (தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்து) பார்த்த டொக்டர் ஒப்பரேஷன் செய்யலாம் என்றார். பெரியப்பா எண்ணெய் வைத்தியம் என்கிறார். அம்மா அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. நோ முதல் இரண்டு கிழமையைவிடக் கொஞ்சம் குறைவு, விறைப்பு அப்படியே. உங்கள் கேள்விகள் மூன்று: ஒப்பரேஷன் இல்லாமல் மாறுமா, படுத்தே இருக்க வேண்டுமா, இன்னும் ஐந்து கிழமையில் வரும் ஆடிவேலுக்கு (கொழும்பில் முருகனின் வேல் தேரில் ஊர்வலம் போகும் திருவிழா) அப்பா வழமைபோலத் தேரோடு நடக்கலாமா.

நான் கொழும்பில் இருபது வருடத்துக்கு மேலாகப் பிசியோதெரபிஸ்ட். டொக்டர் இல்லை, அப்பாவை நேரில் பார்க்கவும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் மாறும். இரண்டாவதுக்கு: வேண்டாம், இன்றைக்கே எழுப்புங்கள். மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆனால் அதற்கு முன் அப்பாவிடம் வெட்கப்படாமல் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சைக்கிள் சீற்றில் படுகிற இடம், அதாவது மலவாசலையும் பிறப்புறுப்பையும் சுற்றியுள்ள தோல், விறைத்திருக்கிறதா? சலம் (சிறுநீர்) போக முக்க வேண்டியிருக்கிறதா, அல்லது தெரியாமல் போகிறதா? மலத்தை அடக்க முடியாமல் இருக்கிறதா? இரண்டு கால்களும் பலமிழக்கின்றனவா? இதில் ஒன்றுக்கு "ஓம்" என்று பதில் வந்தாலும் இந்தப் பதிலை மூடிவிட்டு 1990க்கு அடித்து அம்புலன்ஸை வரவழையுங்கள், அல்லது நேரே தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முள்ளந்தண்டின் அடியில் குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக்கட்டு நசிந்தால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். அங்கே ஒப்பரேஷன்தான் வைத்தியம். தாமதித்தால் சலம் அடக்கும் சக்தி திரும்பாமலே போகலாம். கேட்கக் கூசிக்கொண்டு இருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு பச்சையாக எழுதுகிறேன்.

இன்னும் சில இருக்கின்றன. காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவது, இரவில் படுத்தாலும் குறையாத நோ, முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்தது, நீண்டகாலம் ஸ்டெரோயிட் எடுத்தது, விழுந்து அடிபட்டது. இவற்றில் ஏதாவது இருந்தால் அது வேறு கதை. எங்கள் நாட்டில் முள்ளந்தண்டுக் கசநோய் இன்னும் வருகிறது, நாரிப்பிடிப்பு என்று மாதக்கணக்கில் எண்ணெய் பூசிக்கொண்டு இருப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு இவை இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

சரி, அந்த ரிப்போர்ட். வீட்டில் எல்லாரையும் பயமுறுத்தியது நோவைவிட அந்தத் தாள்தான் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. நாரி நோவே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த 33 ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது; மொத்தம் 3,110 பேர். ஐம்பது வயதுக்காரர்களில் 100க்கு 80 பேருக்கு டிஸ்க் தேய்வு இருந்தது, 60 பேருக்குப் பிதுக்கம் இருந்தது. ஒரு நோவும் இல்லாமல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்கள் இவர்கள். இருபது வயதுப் பிள்ளைகளிலேயே 30 பேருக்குப் பிதுக்கம். தலை நரைப்பது போலத்தான் டிஸ்க்கும் நரைக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் இருக்கிற எல்லா வரியும் நோய் இல்லை. உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டிலும் "எல்3-எல்4 லேசான தேய்வு", "முள்முனை வளர்ச்சி" என்றெல்லாம் நாலைந்து வரி இருக்கும். அவற்றுக்காக நித்திரையைக் கெடுக்காதீர்கள்.

ஆனால் அப்பாவின் விஷயத்தில் ஸ்கேன் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எல்4-எல்5 டிஸ்க் வழக்கமாக முட்டுவது ஐந்தாம் நாரி நரம்பை. அந்த நரம்பு போய் முடிகிற இடங்களில் ஒன்று பெருவிரல். அவருக்கு விறைப்பதும் பெருவிரல். படமும் ஆளும் ஒத்துப்போகின்றன. டொக்டர் ஒப்பரேஷன் பற்றிப் பேசியது காசு பிடுங்க என்று பெரியப்பா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். இந்த மாதிரி ஆளுக்கு ஒப்பரேஷன் ஒரு நேர்மையான தெரிவுதான். இப்போதே செய்ய வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பிதுங்கிய டிஸ்க் என்ன ஆகிறது என்று பார்ப்போம். காலில் இறங்கும் நோவுக்கு டிஸ்க் காரணமாகலாம் என்று 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க டொக்டர்மார் எழுதினார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம், பிதுங்கியதை வெட்டி எடுத்தால் ஒழிய அது அங்கேயேதான் இருக்கும் என்ற எண்ணம்தான் பரவலாக இருந்தது. ஒரே ஆளை ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் திரும்ப ஸ்கேன் எடுக்கத் தொடங்கியபோது வேறு கதை தெரிந்தது. ஒப்பரேஷன் செய்யாதவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குப் பிதுக்கம் தானாகச் சுருங்கியிருந்தது. டிஸ்க்கின் உள்ளே இருக்கும் ஜெல்லி போன்ற பொருள் வெளியே வந்ததும் உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. வெள்ளை அணுக்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடிக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், ரிப்போர்ட்டில் பயங்கரமாகத் தெரிகிற, உடைத்துக்கொண்டு வெளியே வந்த பெரிய துண்டுகள்தான் அதிகம் கரைகின்றன. லேசான பிதுக்கம் அப்படியே இருந்துவிடுவதும் உண்டு.

நோ குறைவதற்கு அது முழுதாகக் கரையும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. நரம்பு அழுத்தத்தால் மட்டும் நோகவில்லை. கசிந்த பொருளால் அதைச் சுற்றி அழற்சி வந்து வீங்கியிருக்கிறது. வீக்கம் வற்றும்போதே நோ இறங்கும். வழமையான ஒழுங்கு இப்படி: முதலில் கால் நோ குறையும், பிறகு பலம் திரும்பும், விறைப்பு கடைசியில்தான் போகும். சிலருக்குப் பெருவிரல் நுனியில் ஒரு துளி விறைப்பு வருடக்கணக்கில் மிஞ்சும், வேலைக்கு ஒரு குறையும் இராது. ஆகவே ஏழாம் கிழமையில் "நோ குறைவு, விறைப்பு அப்படியே" என்பது கெட்ட செய்தி இல்லை, தங்கச்சி. போகவேண்டிய வழியில்தான் போகிறது.

நெதர்லாந்தில் 283 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2007இல் முடிவு வெளியானது. எல்லாரும் ஆறிலிருந்து பன்னிரண்டு கிழமையாகக் கடுமையான கால் நோவோடு இருந்தவர்கள், உங்கள் அப்பா மாதிரி. ஒரு பாதியை உடனே ஒப்பரேஷனுக்கு அனுப்பினார்கள். மறு பாதியிடம் பொறுத்திருங்கள், முடியாவிட்டால் செய்யலாம் என்றார்கள். ஒப்பரேஷன் பக்கம் சராசரியாக நாலு கிழமையில் சுகம் கண்டது. பொறுத்த பக்கம் கிட்டத்தட்ட பன்னிரண்டு கிழமை எடுத்தது. ஒரு வருடம் முடியும்போது இரண்டு பக்கமும் 100க்கு 95 பேர் சுகம். பொறுத்தவர்களில் 100க்கு 39 பேர் இடையில் தாங்கமுடியாமல் ஒப்பரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. இதை நான் வாசிக்கிற விதம்: ஒப்பரேஷன் அவசரமாகச் சுகம் வாங்கித் தருகிறது, பொறுமை அதே சுகத்தைப் பிந்தித் தருகிறது. பொறுத்திருப்பதால் வாசல் மூடுவதில்லை. இன்றைக்கு வேண்டாம் என்றால் அடுத்த மாதமும் செய்யலாம்.

ஒரு நிபந்தனை, பலம் குறையக் கூடாது. இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவைச் சுவரில் ஒரு விரல் முட்டுக்கொடுத்து இடக்காலில் மட்டும் நின்று குதிகாலைப் பத்துத் தரம் உயர்த்தச் சொல்லுங்கள். அப்புறம் முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு குதிகாலால் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு பெருவிரலையும் மேல்நோக்கித் தூக்கச் சொல்லி, உங்கள் விரலால் கீழே அழுத்திப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே பலமா என்று. கலண்டரில் குறித்து வையுங்கள். கிழமைக்குக் கிழமை கூடினால் சந்தோஷம். குறைந்தாலோ, நடக்கும்போது செருப்பு கழன்று விழுவது, பாதம் நிலத்தில் "டப் டப்" என்று அடிப்பது போல ஏதாவது இருந்தாலோ, அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அந்த டொக்டரிடம் உடனே திரும்பப் போங்கள்.

இனிப் படுக்கை. இதில் எனக்கே ஒரு வெட்கக்கேடான அனுபவம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் தெஹிவளையில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் குடியிருந்தேன். லிப்ட் பழுது. 12.5 கிலோ காஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினேன் (12.5 என்பது காஸ் மட்டும், இரும்போடு சேர்ந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு). இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாரி பிடித்தது. மற்றவர்களுக்கு நடவுங்கள் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற நான், ஒன்பது நாள் கட்டிலில் கிடந்தேன். பத்தாம் நாள் குளியலறைக்குள் நின்றபோது தலை சுற்றியது, நாரி பலகை மாதிரி இறுகியிருந்தது. பார்க்க வந்த சீனியர் ஒருவர் "பேஷன்டுக்குச் சொல்றதை நீ செய்ய மாட்டியா?" என்று ஏசினார். அன்று பின்னேரமே இறங்கி நடந்தேன். மூன்று நாளில் வேலைக்குப் போனேன்.

என் கதையை நம்ப வேண்டாம். 1999இல் வெளியான ஓர் ஆய்வில் காலில் இறங்கும் நோவோடு வந்த 183 பேரில் பாதியை இரண்டு கிழமை படுக்கச் சொன்னார்கள், மீதியைப் படுக்கச் சொல்லவில்லை. பன்னிரண்டு கிழமை கழித்து இரு பக்கமும் 100க்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்தவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. நட்டம் என்னவென்றால், தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, மனம் சோர்கிறது, கடைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் வெட்டப்படுகிறது. அம்மாவிடம் இதை அன்பாகச் சொல்லுங்கள். அவர் பயத்தில்தான் செய்கிறார்.

நடை. இதுதான் நான் எழுதித் தரும் முதல் மருந்து. ஒரு நாளைக்கு மூன்று தரம், ஒரு தரத்துக்கு எத்தனை நிமிடம் நடந்தால் நோ கூடுவதில்லையோ அத்தனை நிமிடம். அது ஐந்து நிமிடமாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். காலி வீதி நடைபாதையில் வேண்டாம். கல் தூக்கிக்கொண்டு நிற்கும், சாமான் பரப்பியிருப்பார்கள், பஸ்ஸுக்கு ஒதுங்க வேண்டும். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு மரைன் டிரைவ் இருக்கிறதே, காலை ஆறு மணிக்கு முன் கடற்காற்றோடு நேரான பாதை. மழையென்றால் தொடர்மாடி நடைகூடத்தில் அந்தத் தொங்கலுக்கும் இந்தத் தொங்கலுக்குமாக நடக்கட்டும். நடக்கும்போது நாரியில் கொஞ்சம் நொந்தால் பயப்பட வேண்டாம். காலில் கீழே இறங்கினால்தான் அன்றைக்கு அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

இந்தக் கடைசி வாக்கியம் முக்கியமானது, அதற்குள் ஒரு கதை இருக்கிறது. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரத்தில் ரொபின் மெக்கென்சி என்ற பிசியோவிடம், நோ காலில் இறங்கிய ஓர் ஆள் வந்துகொண்டிருந்தார். மூன்று கிழமையாக ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் "உள்ளே போய்க் குப்புறப் படுங்கள், வருகிறேன்" என்று சொல்லிவிட்டார். கட்டிலின் ஒரு தலைப்பு முந்திய நோயாளிக்காக உயர்த்தி விடப்பட்டிருந்தது. அந்த ஆள் நாரி பின்பக்கமாக வளைந்தபடி சில நிமிடம் அப்படியே கிடந்தார். மெக்கென்சி வந்து பார்த்துப் பதறினார். ஆனால் ஆளோ கால் நோ போய்விட்டது என்றார். நாரி நடுவில் மட்டும்தான் மிச்சம். நோ காலில் இருந்து மேலே ஏறி நாரிக்குள் ஒடுங்குவது நல்ல அறிகுறி என்ற எண்ணம் அங்கே பிறந்தது. நாரியில் நோ கொஞ்சம் கூடினாலும் சரி, காலில் குறைந்தால் அது லாபக் கணக்கு.

அப்பாவுக்கு இதைச் செய்து பார்க்கலாம். நிலத்தில் பாய் விரித்துக் குப்புறப் படுக்கட்டும், இரண்டு மூன்று நிமிடம் சும்மா. பிறகு முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்தி இன்னும் இரண்டு நிமிடம். அது சரிவந்தால், அடுத்த நாள் உள்ளங்கைகளை ஊன்றிக் கைகளை நீட்டி மேலுடம்பை உயர்த்தட்டும். இடுப்பும் காலும் பாயிலேயே தளர்ந்து கிடக்க வேண்டும். மெதுவாகப் பத்துத் தரம், ஒரு நாளைக்கு நாலைந்து வேளை. ஒவ்வொரு வேளையும் முடிந்ததும் ஒரே கேள்வி: "நோ எங்கே நிற்கிறது?" கெண்டைக்காலில் இருந்தது தொடைக்கு வந்தால் தொடருங்கள். தொடையில் இருந்தது பாதத்துக்கு இறங்கினால் அப்போதே நிறுத்தி ஒரு பிசியோவைப் பாருங்கள். இது எல்லாருக்கும் பொருந்தாது. எழுபது வயதுத் தாத்தாவுக்கு நடந்தால் இரண்டு காலும் உளைந்து, குந்தினால் சுகம், சுப்பர்மார்க்கட்டில் தள்ளுவண்டியில் சாய்ந்து நடந்தால் சுகம் என்றால், அது முள்ளந்தண்டுக் குழாய் ஒடுங்கிய வகை. அவருக்குப் பின்பக்கம் வளைவது ஆகாது, முன்பக்கம் வளைவதுதான் உதவும். பக்கத்து வீட்டுக்காரரின் பயிற்சியை வாங்கிச் செய்யாதீர்கள் என்று நான் சலிக்காமல் சொல்வது இதனால்தான்.

காலை நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சிப் பெருக்கும். விடியற்காலையில் நாங்கள் எல்லாரும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் உயரம் கூடி எழும்புகிறோம். அந்தப் பெருத்த டிஸ்க்கை எழும்பிய கையோடு குனிந்து நசிப்பது கூடாத வேலை. எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குக் குனியும் வேலைகளை விடுங்கள். அப்பாவுக்குப் பிடித்ததும் காலையில் வாளி தூக்கும்போதுதானே? அரைவாளியாக எடுக்கலாம், உடம்போடு ஒட்டித் தூக்கலாம், அல்லது வாளியை ஒரு ஸ்டூலில் வைத்துக் குளிக்கலாம். காலுறையைக் குந்தியபடி கால்மேல் கால் போட்டு மாட்டலாம். கக்கூஸில் முக்குவதும் நோவைக் கூட்டும், ஆகவே கீரையும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

கடை. நாள் முழுக்கக் கதிரையில் குந்தி லெட்ஜரில் குனிவதுதான் அவருடைய வேலை என்றால், நல்ல கதிரை வாங்குவதைவிட அடிக்கடி எழும்புவது பெரிது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பி, இடுப்பில் கை வைத்துப் பின்பக்கம் ஐந்து தரம் வளைந்து, கடைக்குள் நாலடி நடக்கட்டும். முதலாளி முறைப்பார்தான். நாரிக்கும் கதிரைக்கும் இடையில் ஒரு துவாயைச் சுருட்டி வைக்கலாம். லெட்ஜரை ஓர் உயரமான மேசைக்கு மாற்றிச் சில மணிநேரம் நின்று எழுத முடிந்தால் இன்னும் நல்லது. போய்வர ஓட்டோவைவிடப் பஸ் பரவாயில்லை, பின்சில்லுக்கு மேல் உள்ள சீற்றை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். குலுக்கம் முழுதும் அங்கேதான். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயில் இருக்கும்போது அதுதான் நாரிக்குச் சுகம், நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்தால்.

நித்திரைக்குப் பலகையோ வெறும் நிலமோ தேவையில்லை. நடுத்தர இறுக்கமான மெத்தை, கடும் இறுக்கமானதைவிடச் சுகம் தந்ததாக 2003இல் ஸ்பெயினில் ஓர் ஆய்வு காட்டியது. சரிந்து படுத்து முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வைத்தால் போதும்.

மருந்து விஷயத்தில் நான் அளவோடுதான் பேசலாம், எழுதித் தருகிறவர் டொக்டர். ஆனால் பார்மசியில் சும்மா கேட்டு வாங்கி விழுங்குகிறார்களே, அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டைக்ளோபெனாக், இபுபுரொபன் வகை சில நாளுக்கு உதவும், சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால். மாதக்கணக்கில் எடுத்தால் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இதயத்துக்கும் ஆகாது. அப்பாவுக்கு நீரிழிவோ பிரஷரோ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் டொக்டரைக் கேட்காமல் ஒரு வில்லையும் வேண்டாம். நாங்கள் பனடோல் என்று சொல்லும் பரசிட்டமோல், புதிதாக வந்த நாரி நோவை வெறும் மாவு மாத்திரையைவிட வேகமாக மாற்றவில்லை என்று 2014இல் அவுஸ்திரேலியாவில் 1,652 பேரை வைத்துச் செய்த ஆய்வு சொன்னது. நரம்பு நோவுக்கென்று கொடுக்கும் பிரிகபலின், காலில் இறங்கும் இந்த நோவுக்குப் பலன் தரவில்லை, தலைச்சுற்றுத்தான் தந்தது என்று 2017இல் இன்னொன்று. அப்பா ஏற்கனவே அதை எடுக்கிறார் என்றால் திடீரென்று நிறுத்தாதீர்கள், டொக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முள்ளந்தண்டில் போடும் ஸ்டெரோயிட் ஊசி சிலருக்குச் சில கிழமை கால் நோவைத் தணிக்கும். நடக்கவே முடியாமல் இருப்பவருக்கு நடக்கத் தொடங்க ஓர் இடைவெளி கிடைக்கும், அந்த அளவில் பிரயோசனம்.

பெரியப்பாவின் எண்ணெய்க்கு வருவோம். நல்லெண்ணெயோ சித்தாலேப மூலிகைத் தைலமோ பூசி இதமாகத் தடவினால் தசை இளகும், அன்று இரவு நித்திரை வரும். அதை நான் தடுக்க மாட்டேன். பொரளை ஆயுர்வேத வைத்தியசாலைக்கும் போய்வந்து சுகமாக இருக்கிறது என்றவர்களும் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். இரண்டே எச்சரிக்கை. விறைத்த காலில் சுடுதண்ணிப் போத்தலோ ஒத்தடமோ வைக்காதீர்கள், சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும், நீரிழிவுக்காரருக்கு அந்தப் புண் ஆறவே ஆறாது. கால் விறைப்பு இருக்கும் வரை யாரும் நாரியை முறுக்கிச் சொடக்கு எடுக்கவோ, பேரப்பிள்ளையை ஏறி மிதிக்க விடவோ கூடாது.

இடுப்புப் பட்டி, இழுவை மெஷின், அல்ட்ராசவுண்ட், கரண்ட் வைப்பது. இவற்றுக்குத்தான் கொழும்பில் ஆட்கள் அதிகம் காசு செலவழிக்கிறார்கள். இவை எதையும் நாரி நோவுக்குக் கொடுக்க வேண்டாம் என்று பிரித்தானிய வழிகாட்டல் 2016இலேயே சொல்லிவிட்டது. நானும் ஒருகாலத்தில் நாள் முழுக்க இழுவை போட்டவன்தான், ஒப்புக்கொள்கிறேன். மெஷினில் கிடப்பது சுகமாக இருக்கும், பேஷன்டுக்கும் ஏதோ நடந்த திருப்தி. ஒரு பிசியோ பத்து நாள் மெஷின் மட்டும் வைத்து, வீட்டில் செய்ய ஒரு பயிற்சியும் சொல்லித் தராமல், அடுத்த பத்து நாளுக்கு பில் போட்டால் வேறு ஆளைப் பாருங்கள். மருத்துவப் பேரவையில் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. காசு பிரச்சினை என்றால் உங்களுக்குக் கிட்ட களுபோவில போதனா வைத்தியசாலை இருக்கிறது, தேசிய வைத்தியசாலையும் இருக்கிறது. கிளினிக்கில் காட்டினால் பிசியோவுக்கு எழுதித் தருவார்கள், இலவசம். வரிசையில் நிற்க வேண்டும், அது உண்மை.

எப்போது நானே "ஒப்பரேஷன் செய்யுங்கள்" என்பேன்? மேலே சொன்ன சலம், மலக் கோளாறு என்றால் உடனே. பாதத்தின் பலம் குறைந்துகொண்டே போனால் சீக்கிரமே. மூன்று மாதம் இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் கால் நோ நித்திரையையும் வேலையையும் தின்றுகொண்டிருந்தால், அப்போதும். கால் நோவுக்கு அந்த ஒப்பரேஷன் நன்றாக வேலை செய்யும். வெறும் நாரி நோவுக்கென்று செய்தால் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இரண்டாவது அபிப்பிராயம் கேட்க முதல் டொக்டர் கோபிக்க மாட்டார். ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு இன்னொருவரைச் சனல் பண்ணலாம்.

சுகமான பிறகு நடையை விட்டுவிடுவார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். நாரி நோவின் கெட்ட குணம் அது திரும்பி வருவது. 2024இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், நாரி நோ மாறிய 701 பேரில் ஒரு பாதிக்கு நடைத்திட்டம் கொடுத்தார்கள், கிழமைக்கு ஐந்து நாள், நாளைக்கு அரை மணித்தியாலம் வரை கூட்டுவது. நடந்தவர்களுக்கு நோ திரும்பி வர நடுத்தரமாக 208 நாள் எடுத்தது, நடக்காதவர்களுக்கு 112 நாள். ஒரு மாத்திரை இதைச் செய்திருந்தால் புறக்கோட்டையில் வரிசை நின்றிருக்கும்.

இனி ஆடிவேல். ஐந்து கிழமையில் அப்பாவுக்கு நோ முழுதாக மாறியிருக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் நாளைக்கே தொடங்கினால் அதற்குள் ஒரே நடையில் முப்பது, நாற்பது நிமிடம் நடக்கக்கூடியவராக அவர் வரலாம். அப்படி வந்தால், செட்டியார் தெருவில் தேர் வெளிக்கிடும்போது கூட நின்று கும்பிட்டு, முதல் அரை மணித்தியாலம் நடக்கட்டும். அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ பம்பலப்பிட்டிக்கு வந்து, தேர் கோயிலை நெருங்கும் கடைசித் துண்டை மறுபடி நடக்கலாம். நடுவில் காலி வீதியில் மணிக்கணக்காகத் தேருக்குக் காத்து நிற்பதுதான் நடப்பதைவிட நாரிக்குக் கஷ்டம், ஒரு மடக்குக் கதிரையை நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள். தேங்காய் மூட்டையையும் தண்ணீர்ப் பந்தல் கிடாரத்தையும் இந்த வருடம் வேறு யாராவது தூக்கட்டும். தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற வேலையை அப்பாவுக்குக் கொடுங்கள்.